உங்கள் சார்பில் அந்த வீட்டுக்குள் போனவர் யார்?

டல்லாஸ் வட்டாரத்தில் முதல் வீடு வாங்கக் கிளம்பியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,



ஃபிரிஸ்கோ, பிளேனோ, மெக்கின்னி, ப்ராஸ்பர், சலைனா, இர்விங், கொப்பெல் என்று சனிக்கிழமைதோறும் வீடு வீடாக ஏறி இறங்கும் உங்கள் எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நான் கட்டடத் துறையில் இருப்பவன். அதனால் வீடு வாங்கும் நேரத்தில் நண்பர்களும், அவர்களுக்குத் தெரிந்தவர்களும் தங்கள் காகிதங்களை எனக்கு அனுப்புவதுண்டு. சாப்பாட்டு மேசையில் அவர்களோடு உட்கார்ந்து அந்தக் காகிதங்களைப் படிக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி வருகிறது.

"பேங்க்ல இருந்தே ஆள் வந்து பாத்துட்டாங்க. அப்ரைசலும் சரியா வந்திருச்சு. அப்புறம் இன்ஸ்பெக்ஷனுக்கு எதுக்குத் தனியா ஐந்நூறு டாலர்?"

கேட்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. நம்மூரில் கடனோடு மனை வாங்கும்போது வங்கியின் வழக்கறிஞர் பத்திரங்களைப் பார்ப்பார், வங்கியின் பொறியாளர் வந்து மதிப்புப் போடுவார். "பேங்க்லயே லோன் குடுத்துட்டான், அப்ப வில்லங்கம் இருக்காது" என்று பெரியவர்கள் நிம்மதியாகச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த நிம்மதியையே இங்கும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம். டெக்ஸஸ் மண்ணில் அது போதாது. ஏன் போதாது என்பதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

அப்ரைசல் என்பது கடன் கொடுப்பவர் தன் பணத்துக்காகச் செய்துகொள்ளும் மதிப்பீடு. கட்டணம் உங்கள் கையிலிருந்துதான் போகிறது. ஆனால் மதிப்பீட்டாளரை அமர்த்துவது வங்கி. அவர் பதில் சொல்ல வேண்டியதும் வங்கிக்குத்தான். நாளை நீங்கள் தவணை கட்ட முடியாமல் போனால் இந்த வீட்டை விற்றுக் கடனை மீட்க முடியுமா என்பதே அவர் முன்னால் இருக்கும் கேள்வி. அதற்காக வீட்டை அளப்பார், அறைகளைப் படம் பிடிப்பார். அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்றுப்போன, இதைப் போன்ற வீடுகளில் குறைந்தது மூன்றை எடுத்து வைத்து ஒப்பிடுவார். அந்த வீட்டில் நீச்சல் குளம் இருந்து இதில் இல்லையென்றால் அதன் விலையில் இவ்வளவு கழிப்பார், இந்த வீட்டின் கராஜ் பெரிதென்றால் இவ்வளவு கூட்டுவார், கடைசியில் ஒரு தொகைக்கு வந்து சேருவார். டெக்ஸஸில் வீடு விற்ற விலையை அரசிடம் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே அவர் நம்பியிருப்பது ரியல்டர்கள் பயன்படுத்தும் விற்பனைத் தரவைத்தான். காலின் கவுன்டியோ டென்டன் கவுன்டியோ சொத்து வரிக்காக உங்களுக்கு அனுப்பும் மதிப்பு முற்றிலும் வேறு கணக்கு. அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்த வேலைக்காக அவர் வீட்டுக்குள் இருக்கும் நேரம் பெரும்பாலும் ஒரு மணிக்குள் முடிந்துவிடும். கூரை மேல் ஏற மாட்டார். மின்சாரப் பெட்டியின் மூடியைக் கழற்ற மாட்டார். ஏசியை ஓடவிட்டு எத்தனை டிகிரி குளிர்கிறது என்று அளக்க மாட்டார். இவை எதுவும் அவர் வேலையில் சேரவில்லை. கண்ணுக்குத் தெரிகிற நிலையை வைத்து வீட்டுக்கு சி1 முதல் சி6 வரை ஒரு தரம் போடுவார். உங்கள் அறிக்கையில் சி3 என்று இருந்தால், நன்றாகப் பராமரிக்கப்பட்ட வீடு, வழக்கமான தேய்மானம்தான் என்று பொருள். அதைப் பார்த்துவிட்டு "வீடு நல்லா இருக்குன்னு அவரே எழுதிட்டார்" என்று மகிழ்ந்தவர்களை நான் அறிவேன். சுவருக்குப் பின்னால் ஒழுகும் குழாய்க்கும் அந்தச் சி3க்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். முன்பணம் நிறையவும் கடன் வரலாறு நன்றாகவும் இருந்தால், வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே, ஃபிரெடி மேக் நிறுவனங்களின் கணினியே சில சமயம் விலையை ஏற்றுக்கொண்டு, மதிப்பீட்டாளர் தேவையில்லை என்று சொல்லிவிடும். லோன் ஆபீசர் அதை நல்ல செய்தியாகச் சொல்வார். வங்கியைப் பொறுத்தவரை நல்ல செய்திதான். அப்படிப்பட்ட வீட்டுக்குள் வங்கியின் ஆள் ஒருவர்கூட நுழையாமலே உங்கள் கடன் கையெழுத்தாகும்.

மதிப்பீட்டாளரை நான் குறைத்துப் பேசவில்லை. அவர் வேலை நேர்மையாக நடப்பது நம் எல்லாருக்கும் முக்கியம். அதற்கான பாடத்தை இந்த ஊரே கற்றுத் தந்தது. 1980களின் தொடக்கத்தில், டல்லாஸுக்குக் கிழக்கே ஐ-30 நெடுஞ்சாலை ஓரமாக, ஒரே நிலத்தை ஒருவருக்கொருவர் கைமாற்றி, ஒவ்வொரு கைமாற்றத்திலும் மதிப்பை ஊதிப் பெருக்கி, குடியேற ஆளில்லாத அடுக்குக் குடியிருப்புகளை வரிசையாகக் கட்டினார்கள். அதற்குக் கடன் கொடுத்த, மெஸ்கீட் நகரின் எம்பயர் சேவிங்ஸ் நிறுவனத்தை 1984இல் அரசு மூடியது. அதைத் தொடர்ந்து நாடெங்கும் அப்படிப்பட்ட சேமிப்பு நிறுவனங்கள் சரிந்த பிறகுதான், 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக மதிப்பீட்டாளர்களுக்கு மாநில உரிமம் கட்டாயமானது. 2008 வீழ்ச்சிக்குப் பின் இன்னும் இறுக்கினார்கள். கடனை முடித்துக் கமிஷன் வாங்குபவர் மதிப்பீட்டாளரைத் தானே தேர்ந்தெடுக்கவோ, "இந்தத் தொகை வரணும்" என்று நெருக்கவோ இப்போது முடியாது. இத்தனை காவலும் கடன் பணத்தைச் சுற்றிப் போட்டது. உங்கள் கூரைக்கும் குழாய்க்கும் அப்படி ஒரு காவலைப் போட வேண்டிய இடத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

அப்ரைசல் குறைந்து வந்தால் என்ன ஆகும் என்பதையும் எண்ணோடு சொல்லிவிடுகிறேன். 5,50,000 டாலருக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்கள், 20 சதவீதம் முன்பணம் என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து 1,10,000, கடன் 4,40,000. மதிப்பீடு 5,25,000 என்று வருகிறது. விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதன் மேல்தான் வங்கி கணக்குப் போடும். 5,25,000இல் 80 சதவீதம் 4,20,000தான். மீதி 1,30,000ஐ நீங்கள் கொண்டுவர வேண்டும். திடீரென்று 20,000 டாலர் கூடுதல். அதே 4,40,000 கடனையே கேட்டால் அது மதிப்பில் 83 சதவீதத்தைத் தாண்டிவிடும், கடன் காப்பீட்டுக்காக மாதாமாதம் தனித் தொகை ஏறும். இந்த இடத்தில் விற்பவரிடம் விலையைக் குறைக்கக் கேட்கலாம், வித்தியாசத்தைப் பாதிப் பாதியாகப் பகிரலாம். மதிப்பீட்டாளர் நல்ல ஒப்பீடுகளை விட்டுவிட்டார் என்றால் அவற்றைக் காட்டி மறுபரிசீலனை கேட்கலாம். வீட்டை விட்டு விலகவும் செய்யலாம். கடைசி வழி திறந்திருக்கிறதா என்பது நீங்கள் கையெழுத்திட்ட இணைப்புத் தாளைப் பொறுத்தது. மதிப்பீடு குறைந்தால் விலகும் உரிமை பற்றி டெக்ஸஸ் ரியல் எஸ்டேட் ஆணையம் தனியாக ஓர் இணைப்பு வைத்திருக்கிறது. அதில் ஒரு கட்டத்தில் குறி போட்டால் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்கள். இன்னொன்றில் போட்டால் ஓரளவு விட்டுக்கொடுக்கிறீர்கள். மூன்றாவதில் கூடுதலாக ஓர் உரிமை பெறுகிறீர்கள். இரவு பதினோரு மணிக்கு, போனில், விரலால் கையெழுத்திடும்போது எந்தக் கட்டம் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். அப்ரைசல் அறிக்கையின் நகல் க்ளோசிங்குக்குக் குறைந்தது மூன்று வேலை நாள் முன்பு உங்கள் கைக்கு வந்தாக வேண்டும், அது சட்டம். வாங்கிப் படியுங்கள்.

இனி வீட்டுச் சோதனைக்கு வருகிறேன். இந்த மடலை எழுதவைத்ததே அதுதான்.

நம்மில் கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர் பக்கத்துக்காரர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு டல்லாஸ் மண்ணைப் பற்றிப் பாதிதான் சொல்ல வேண்டும். இந்த வட்டாரத்தின் கருப்பு நிலம் நம் கரிசலின் உடன்பிறப்பு. மண்ணியலாளர்கள் இரண்டையும் ஒரே வகையில்தான் சேர்க்கிறார்கள். இங்கேயும் ஒரு காலத்தில் பருத்திதான் விளைந்தது. மழை பெய்தால் ஊதி உப்பும். ஆகஸ்ட் வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். கரிசலில் வீடு கட்டுவது எவ்வளவு பெரிய சங்கடம் என்பது நம் கொத்தனார்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அடியில் குமிழ் வைத்த தூண் அடித்தளத்தை இப்படிப்பட்ட மண்ணுக்காகத்தான் உருவாக்கிக் கொடுத்தது.

இங்கே பெரும்பாலான வீடுகள் மண்ணின் மேல் நேரடியாக ஊற்றிய கான்கிரீட் பலகையில், ஸ்லாப் என்று நாம் எல்லாரும் சொல்கிறோமே, அதன் மேல் நிற்கின்றன. வீட்டின் ஒரு பக்கம் மண் நனைந்து உப்பி, மறுபக்கம் காய்ந்து சுருங்கினால் ஸ்லாப் வளைகிறது. செங்கல் சுவரில் படிக்கட்டுபோல ஏறும் விரிசல், கதவு மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், தானாகத் திறந்துகொள்ளும் கதவு, ஜன்னல் சட்டத்துக்கும் செங்கலுக்கும் நடுவே விரிந்த இடைவெளி எல்லாம் அதன் அடையாளங்கள். விற்பவர் வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவரும் முன் பூசி, வெள்ளையடித்து, புதுக் கம்பளம் போட்டிருப்பார். திறந்த வீடு பார்க்கப் போகும் நாளில், பிள்ளைகள் மாடிக்கும் கீழுக்கும் ஓடிக்கொண்டிருக்க, இருபது நிமிடத்தில் இதெல்லாம் உங்கள் கண்ணுக்குப் படாது. சோதனையாளர் கண்ணுக்குப் படும். சிலர் வீடு முழுக்கத் தரைமட்டத்தை அளந்து வரைபடமே தருகிறார்கள். அமர்த்தும்போதே அதைக் கேளுங்கள், கூடுதலாகச் சிறிது பணம் ஆனாலும் கொடுங்கள்.

விரிசல் என்றதும் ஓடவும் வேண்டாம். ஸ்லாபின் வெளி மூலையில் ஒரு சில்லு பெயர்ந்திருப்பது இங்கே சாதாரணம், பெரும்பாலும் அதனால் கேடில்லை. சந்தேகம் வந்தால் உரிமம் பெற்ற கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். அடித்தளத்தைச் சரிசெய்யும் கம்பெனிகள் இலவசமாகவே வந்து பார்ப்பார்கள். ஆனால் ஸ்லாபுக்கு அடியில் தூண் இறக்குவதுதான் அவர்கள் விற்கும் வேலை. பொறியாளர் தன் கருத்துக்கு மட்டும் கூலி வாங்குகிறார். அந்தக் கருத்தை வைத்து நீங்கள் விலை பேசலாம். தூண்கள் இறக்கும் வேலை ஆயிரங்களில் தொடங்கிப் பத்தாயிரங்களைத் தாண்டும். மண் உப்பிச் சுருங்குவதால் வரும் இந்தச் சேதத்தை வழக்கமான வீட்டுக் காப்பீடு ஏற்காது.

கொஞ்ச நாளுக்கு முன் ஒரு குடும்பம் என்னை அழைத்தது. பத்துப் பேர் போட்டியிட்ட வீடு, தங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்காக இன்ஸ்பெக்ஷன் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். அப்ரைசல் ஒப்பந்த விலைக்கு ஒரு டாலர்கூடக் குறையாமல் வந்திருக்கிறது. அதுவே போதும் என்று நம்பினார்கள். முதல் கோடையிலேயே சமையலறைத் தரை ஓடுகள் வரிசையாக வெடித்தன. குளியலறைக் கதவு சாத்த முடியவில்லை. வாசலில் தோரணம் வாடும் முன்பே தூண் இறக்கும் கம்பெனியின் வண்டி வந்து நின்றது. அந்த அம்மாவின் அழுகையைக் கேட்டபிறகு எனக்கு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அவர்கள் சோம்பேறித்தனத்தால் விட்டவர்கள் இல்லை. வேறு வழியில்லை என்று அவர்களை நம்பவைத்தார்கள். மாசசூசெட்ஸ் மாநிலம் 2025 அக்டோபர் முதல், இன்ஸ்பெக்ஷனை விட்டுக்கொடுத்தால்தான் வீடு என்று விற்பவர் நிபந்தனை வைப்பதைத் தடுத்திருக்கிறது. டெக்ஸஸில் அந்தக் காப்பு இல்லை.

இங்கே நமக்கு இருப்பது ஆப்ஷன் பீரியட். சில நூறு டாலர் கட்டணம் கொடுத்து, பேசி முடிவுசெய்த ஐந்து, ஏழு, பத்து நாள் என்ற கணக்கில், எந்தக் காரணமும் சொல்லாமல் ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமையை வாங்குகிறீர்கள். விலகினால் அந்தக் கட்டணம் போகும், ஒப்பந்தத்தோடு கட்டிய எர்னெஸ்ட் மணி திரும்பி வரும். மாநிலத்தின் ஒப்பந்தப் படிவம், வாங்குபவர் வீட்டை உள்ளபடியே ஏற்கிறார் என்றுதான் சொல்கிறது. ஆகவே குறைகளைச் சொல்லிப் பழுதுபார்ப்போ விலைக் குறைப்போ கேட்க உங்களுக்குப் பலம் இருப்பது இந்தச் சில நாள்தான். போட்டி கடுமையாக இருந்தால் நாள்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், கட்டணத்தைக் கூட்டிக் கொடுங்கள். உரிமையையே விட்டுவிடாதீர்கள். மூன்றே நாளில்கூட ஒரு நல்ல சோதனையாளர் வேலையை முடித்துவிடுவார்.

சோதனையாளரை நீங்களே தேடுங்கள். ரியல்டர் சொல்லும் பெயர்களில் நல்லவர்கள் உண்டு. ஆனாலும் அடுத்த வேலையும் அந்த ரியல்டரிடமிருந்தே வர வேண்டிய நிலையில் இருப்பவருக்கு, உங்களுக்காகக் கண்டிப்பாக எழுதுவது கடினம். சோதனையாளரின் உரிமத்தை டெக்ஸஸ் ரியல் எஸ்டேட் ஆணையத்தின் தளத்தில் பார்க்கலாம். தான் சோதித்த வீட்டில் பழுது வேலையையும் தானே செய்துதருவதாக அவர் சொன்னால் அது விதிக்குப் புறம்பானது. சோதனை நடக்கும் நாளில் கடைசி ஒரு மணி நேரமாவது கூடவே இருங்கள். தண்ணீரை எங்கே அடைப்பது, எரிவாயுவை எங்கே நிறுத்துவது, ஆட்டிக்கில் என்ன இருக்கிறது என்று அவர் வாயாலேயே கேளுங்கள். இங்கே பல வீடுகளில் வெந்நீர்த் தொட்டியும் தண்ணீர்க் குழாய்களும் ஆட்டிக்கில்தான் போகின்றன. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் உறைந்து வெடித்தவை அவைதான். அன்று வெடித்த வீடா, யார் சரிசெய்தார்கள், ரசீது இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. விற்பவர் தரும் வெளிப்படுத்தல் படிவங்களில், ரியல்டர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் படிவத்தில், கடந்த நான்கு ஆண்டில் அவர் கைக்கு வந்த சோதனை அறிக்கைகளைப் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. நமக்கு முன் ஒருவர் ஒப்பந்தம் போட்டு விலகியிருந்தால் அதன் காரணம் அங்கே தெரியக்கூடும்.

அறிக்கை வரும். ஐம்பது பக்கம், அறுபது பக்கம், படங்களோடு. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நான்கு கட்டங்கள் இருக்கும். சோதித்தது, சோதிக்காதது, இல்லாதது, குறையுள்ளது. குறை என்று குறி போட்ட இடங்களை எண்ணிப் பார்த்து, இந்த வீடே வேண்டாம் என்று இரவெல்லாம் தூங்காமல் இருந்தவர்கள் உண்டு. ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். 1985இல் கட்டிய வீட்டில் அன்றைய விதிப்படி எல்லாம் சரியாக இருந்தாலும், இன்று ஆபத்து என்று கருதப்படுவது இருந்தால் அதைக் குறையென்றே எழுத வேண்டும் என்பது சோதனையாளருக்கான விதி. தண்ணீர் பக்கத்தில் ஷாக் அடிக்காமல் காக்கும் பிளக் பாயிண்ட் இல்லாதது ஒரு குறை. அதை மின்பணியாளர் ஒருவர் அரை நாளில் சரிசெய்துவிடுவார். அடித்தளம், கூரை, ஏசி, மின்சாரப் பெட்டி, தண்ணீர் எங்கே வருகிறது எங்கே போகிறது, இந்த ஐந்தில் உள்ள குறைகளைத் தனித்தாளில் எழுதி எடுத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். மற்றதைக் குடிபோன பிறகு நிதானமாகச் சரிசெய்யலாம்.

சோதிக்காதது என்ற கட்டத்தைக் குறையுள்ளதைவிடக் கவனமாகப் படிக்கச் சொல்வேன். ஜனவரியில் வாங்கினால், வெளியே 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருக்கும்போது ஏசியை ஓட்டிப் பார்க்க வேண்டிய கட்டாயம் சோதனையாளருக்கு இல்லை. ஈரமான ஓட்டுக் கூரையில் ஏறுவது ஆபத்து என்றால் ஏற மாட்டார். அந்த இடங்களில் உங்களுக்குத் தெரியாதது அப்படியே இருக்கிறது என்று பொருள். வேறு ஆளை வைத்துப் பார்க்க முடியுமா என்று உடனே கேளுங்கள். கரையான் சோதனைக்கு வேறு உரிமம், சில சமயம் வேறு ஆள். பிளேனோவிலும் ரிச்சர்ட்ஸனிலும் 1970களில் கட்டிய வீடு என்றால், ஸ்லாபுக்கு அடியில் ஓடும் கழிவுநீர்க் குழாய் இரும்பாக இருக்கலாம். அரை நூற்றாண்டு அரித்துப்போன இரும்பு. கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதைப் பார்க்காமல் அந்த வயதுள்ள வீட்டை வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆப்ஷன் நாள்களுக்குள் காப்பீட்டுக் கம்பெனியையும் அழையுங்கள். இந்த வட்டாரத்தில் ஆலங்கட்டி மழை பெய்யாத ஆண்டு குறைவு. கூரை பழையது என்றால் புதுக்கூரைக்கு ஆகும் செலவைத் தராமல், தேய்மானம் கழித்த மதிப்பை மட்டும் தருவார்கள். காற்று, ஆலங்கட்டிச் சேதத்தில், காப்பீட்டுத் தொகையின் 2 சதவீதம் வரை நம் பொறுப்பு என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். 5,00,000 டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டில் அது 10,000 டாலர்.

இப்போது புது வீடு வாங்குகிறவர்களுக்கு. நம்மில் பெரும்பாலோர் நீங்கள்தான். "புது வீடு, பில்டர் வாரண்டி இருக்கு, சிட்டி இன்ஸ்பெக்டர் பாத்துட்டார்" என்ற மூன்றையும் வைத்துச் சோதனையை விட்டுவிடுகிறார்கள். சிட்டியிலிருந்து வருபவர் கட்டட விதியின் குறைந்தபட்ச அளவுக்குப் பார்க்கிறார், ஒரே நாளில் பல வீடுகளைப் பார்க்கிறார். நகர எல்லைக்கு வெளியே உள்ள புதுக் குடியிருப்புகளில் அந்தக் கண்காணிப்பும் மெலிந்துபோகிறது. பில்டர்கள் பெரும்பாலும் மாநிலப் படிவத்தை விட்டுத் தங்கள் சொந்த ஒப்பந்தத்தைத்தான் நீட்டுவார்கள். அதில் ஆப்ஷன் பீரியட் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வழக்குக்குப் போகாமல் நடுவர் தீர்ப்புக்கு ஒத்துக்கொள்ளும் ஷரத்தும் வழக்கமாக இருக்கும். வாரண்டியையும் முழுக்கப் படியுங்கள். 2023இல் டெக்ஸஸ் சட்டமன்றம் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. வேலைத்தரத்துக்கு 1 ஆண்டு, குழாய், மின்சாரம், ஏசி அமைப்புகளுக்கு 2 ஆண்டு, பெரிய கட்டமைப்புக் குறைகளுக்கு 6 ஆண்டு என்று எழுத்தில் வாரண்டி கொடுக்கும் பில்டர் மீது வழக்குப் போடும் கடைசி வரம்பு 10 ஆண்டிலிருந்து 6ஆகக் குறைந்துவிட்டது. இங்குள்ள மண்ணில் ஸ்லாப் வளைவது பல சமயம் அந்த ஆறாவது ஆண்டுக்குப் பின்னால்தான் தெரியவரும்.

அதனால் புது வீட்டுக்கு ஒருமுறை சோதனை போதாது. கான்கிரீட் ஊற்றும் முன் ஒருமுறை, கம்பி வடங்களும் அடிக்குழாய்களும் கண்ணுக்குத் தெரியும்போது. சுவர்ப்பலகை அடிக்கும் முன் இன்னொருமுறை. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. வெட்டக்கூடாத இடத்தில் வெட்டிய மரச்சட்டம், ஜன்னலைச் சுற்றி விட்டுப்போன நீர்த்தடுப்பு, ஆணிக்குக் காப்பில்லாமல் போகும் ஒயர், எல்லாம் அன்று பார்த்தால் பத்து நிமிட வேலை. பலகை மூடிய பிறகு யாருக்கும் தெரியாது. சாவி வாங்கும் முன் மூன்றாவது முறை. பதினோராம் மாதம் நான்காவது முறை, ஓராண்டு வாரண்டி முடிவதற்குள் பட்டியல் கொடுப்பதற்காக. இதற்கெல்லாம் அனுமதி உண்டு என்பதைக் கையெழுத்துப் போடும் முன் பில்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். விற்பனை அலுவலகத்தில் சிரித்துக்கொண்டே "தாராளமா பாருங்க" என்பார்கள். கட்டுமான மேற்பார்வையாளர் பின்னால் மறுத்தால் அந்த வாய்ச்சொல் நிற்காது.

புது வீட்டின் அப்ரைசலிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பில்டர் விலையைக் குறைக்காமல் வட்டியைக் குறைத்துக் கொடுத்து விற்கிறார் என்றால், பதிவாகும் விலை உயரமாகவே நிற்கும். அடுத்த வீட்டின் மதிப்பீட்டுக்கு அதுவே ஒப்பீடாகப் போகும். ஃபேனி மேயின் விதிப்படி மதிப்பீட்டாளர் அந்தக் குடியிருப்புக்கு வெளியிலிருந்தும் ஒரு விற்பனையைக் காட்ட வேண்டும். அறிக்கையில் அந்த வெளி வீட்டைத் தேடி, அதன் விலையோடு உங்கள் விலையை வைத்துப் பாருங்கள். இரண்டாண்டில் நீங்கள் விற்க நேர்ந்தால், அதே தெருவில் இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் பில்டரோடு போட்டி போட வேண்டியிருக்கும்.

விற்க நேர்ந்தால் என்பதை நான் சும்மா எழுதவில்லை. உங்களில் பலர் எச்-1பி விசாவில் இருக்கிறீர்கள். வேலை போனால் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலை அமையாமல் வீட்டை விற்றுவிட்டுக் கிளம்ப வேண்டி வந்தால், அடித்தளம் ஆடிய வீட்டை யாரும் உடனே வாங்க மாட்டார்கள். வாங்க வருபவர் தன் இன்ஸ்பெக்ஷனைச் செய்வார், நீங்கள் பார்க்காமல் விட்டதை எல்லாம் பார்த்து விலையில் கழிப்பார். ஊரில் நகை விற்று, அப்பாவின் ஓய்வுக்காலப் பணத்தில் கொஞ்சம் வாங்கி முன்பணம் சேர்த்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பணத்தை நினைத்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கிழக்கு வாசல், ஈசான்ய மூலை, பள்ளிக்கூட மதிப்பெண், கோயிலுக்கு எத்தனை மைல் என்றெல்லாம் பொறுமையாகப் பார்க்கிறோம். பாருங்கள், அதில் கிடைக்கும் மனநிறைவு பெரியது. அந்தப் பொறுமையில் ஒரு பங்கை ஆட்டிக்குக்கும் ஸ்லாபுக்கும் கொடுங்கள். முன்பணம் குறைவாக இருக்கிறது என்று எஃப்.எச்.ஏ. கடனில் வாங்குகிறீர்களா? அந்தக் கடன் வாங்குபவர்களுக்காக அரசே தயாரித்த ஒரு தாள் உண்டு. 'உங்கள் பாதுகாப்புக்காக: வீட்டை இன்ஸ்பெக்ஷன் செய்யுங்கள்' என்பது அதன் தலைப்பு. மதிப்பீட்டாளர் பார்த்தது உங்களுக்கான சோதனை ஆகாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்தத் தாளைத் தேடி ஒருமுறை படியுங்கள், வேறு கடன் வாங்குபவர்களும்தான்.

ஒரே ஒரு வேலையை இன்றே தொடங்கிவிடலாம். ஒப்பந்தம் போட்ட பிறகு சோதனையாளரைத் தேடினால் நாள் கிடைக்காது. வீடு பார்க்கத் தொடங்கும்போதே இரண்டு பேரோடு பேசி, மாதிரி அறிக்கை வாங்கிப் படித்து, பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஆப்ஷன் பீரியடில் சனியும் ஞாயிறும் விடுமுறை நாளும் கணக்கில் சேரும். கடைசி நாள் மாலை 5 மணிக்கு அது முடிந்துவிடும், ஒரு நிமிடம் தாண்டினாலும் உரிமை போய்விடும். அறிக்கை முதல் நாள் இரவு வந்தால் அடுத்த நாள் காலையே விற்பவருக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வராமல் இழுத்தடித்தால் ஆப்ஷனை நீட்டிக்கக் கேளுங்கள், அதையும் எழுத்தில். அறிக்கையில் ஏதாவது புரியவில்லையென்றால் எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து படிப்போம். ஆப்ஷனின் கடைசி நாள் என்றால் மதியத்துக்குள் அனுப்புங்கள்.

அன்புடன்,
பிளேனோவிலிருந்து உங்களில் ஒருவன்